வயதான நாய் திடீரென மாறினால்: முதலில் உடம்பு, அப்புறம் கண்ணும் காதும், அதற்கப்புறம் மூளை

இரவு 2 மணி. 12 வயது நாய் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறது. கூப்பிட்டால் வருகிறது, படுக்கிறது, ஐந்து நிமிடத்தில் மறுபடி எழுந்துவிடுகிறது. இத்தனை வருடம் இடி இடித்தால்கூட அசையாமல் தூங்கியது, இப்போது ஒரு கரண்டி கீழே விழுந்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறது. வீட்டில் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "வயசாயிடுச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்."

நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், இரண்டு மாதம். அப்புறம் ஒரு டாக்டர் எங்கள் நாயின் முதுகெலும்பில் விரலை வைத்து ஒவ்வொரு கணுவாக அழுத்திக்கொண்டே வந்தார். இடுப்புக்குச் சற்று மேலே வந்ததும் நாய் திரும்பி அவர் கையைப் பார்த்தது. கத்தவில்லை, பல்லைக் காட்டவில்லை, பார்த்தது, அவ்வளவுதான். வலிக்கு மருந்து தொடங்கிய நான்காம் நாள் இரவு முழுக்கத் தூங்கியது. அந்த இரண்டு மாதம் இன்னும் உறுத்துகிறது.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறையப் பேர் "நாய்க்கு டிமென்ஷியாவா?" என்று கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். வயதான நாய் என்று நான் சொல்வது, பெரிய உடம்புள்ள இனங்களில் 6, 7 வயதைத் தாண்டியவை, சிறிய இனங்களில் 10 வயதை ஒட்டியவை.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இவற்றில் எது இருந்தாலும் மீதியைப் படிக்க வேண்டாம், டாக்டரிடம் கிளம்புங்கள். வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, அல்லது ஒரே நாளில் திரும்பத் திரும்ப வருவது. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முக்கி முக்கி எதுவும் வெளியே வராமல் தவிப்பது. இது இரைப்பை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருப்பது. மயங்கி விழுவது. பின்னங்கால் இழுபடுவது. சிறுநீர் கழிக்க முயன்றும் வராமல் இருப்பது. சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்பது. நேற்றுவரை கண் தெரிந்த நாய் இன்று எல்லாவற்றிலும் முட்டிக்கொள்வது.

கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீர் குடிக்கிறது, சோர்ந்து கிடக்கிறது, ஒரு இடத்தில் நிலைகொள்ளவில்லை என்றால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சீழ் வெளியே கசியாமலும் இது வரும்.

தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்விழி இடமும் வலமுமாகத் துடித்து, நாய் குடித்தவன்போலத் தள்ளாடி விழுந்தால் பார்ப்பவர்களுக்கு ஈரக்குலை நடுங்கிவிடும். பக்கவாதம், கதை முடிந்தது என்று நினைத்து அன்றைக்கே கருணைக்கொலை பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. வயதான நாய்களுக்கு உள்காதுச் சமநிலை குலைந்து இப்படி வருவது சகஜம். பெரும்பாலும் சில நாட்களில் தேறத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் நடமாட்டம் சீராகிவிடும். தலைச்சாய்வு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். காதுத் தொற்றா, மூளையில் ஏதாவதா என்று பிரித்துப் பார்க்க அன்றே டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் அந்த நாளில் உயிர் பற்றிய முடிவு எதையும் எடுக்காதீர்கள்.

படி 1: எப்போது தொடங்கியது என்று எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் வரி: கடைசியாக எப்போது சரியாக இருந்தது? இந்தக் கேள்விக்கு வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், அதையும் எழுதுங்கள். ஒரே இரவில் வந்த மாற்றம் என்றால் வலி, தொற்று, விஷம், கண், ரத்த அழுத்தம் என்று தேட வேண்டும். மறதி நோய் ஒரே இரவில் வராது. மாதக்கணக்கில் ஊர்ந்து வரும். நாம் கவனித்தது மட்டும்தான் திடீரென்று நடந்திருக்கும்.

புதிதாக ஏதாவது மருந்து தொடங்கினீர்களா? தோல் அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் தாமாகவே இரைப்பு, தாகம், அடிக்கடி சிறுநீர், அமைதியின்மை எல்லாவற்றையும் கொண்டுவரும். வீட்டில் யாராவது வெளியூர் போனார்களா, கூட இருந்த நாய் இறந்ததா, சோபாவை இடம் மாற்றினீர்களா என்பதையும் குறியுங்கள்.

அடுத்து, அளந்து பார்க்கக்கூடிய இரண்டு விஷயங்கள். காலையில் கிண்ணத்தில் அளந்து தண்ணீர் ஊற்றுங்கள், 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளங்கள். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்திருந்தால் அது அதிகம்; 10 கிலோ நாய் என்றால் ஒரு லிட்டர். சிறுநீரகம், சர்க்கரை, குஷிங் நோய் (உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் மிகுந்துபோவது) எல்லாம் இந்தக் கதவு வழியாகத்தான் முதலில் தலைகாட்டும். இரண்டாவது, நாய் நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை விலா ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். தொடர்ந்து 30-க்கு மேல் இருந்தால் இதயமும் நுரையீரலும் பார்க்கப்பட வேண்டும். இரவில் படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நிற்கும் நாய்களில் சிலவற்றுக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதுதான் விஷயம்.

அப்புறம் வீடியோ. இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பதற்றத்தில் நாய் நொண்டலைக்கூட மறைத்துவிடும், குதிரை மாதிரி நடந்து காட்டும். இரவில் அலைவது, படுத்த நிலையிலிருந்து எழுவது, படி ஏறுவது, பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நடை என்று அரை நிமிடத் துண்டுகளாக எடுத்து வையுங்கள்.

படி 2: வலி இருக்கிறதா?

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தை மருத்துவம் பார்க்கும் டேனியல் மில்ஸும் மற்ற நிபுணர்களும் தங்களிடம் வந்த நடத்தைப் பிரச்சினைகளை 2020-இல் தொகுத்துப் பார்த்தார்கள். குறைத்து மதிப்பிட்டாலே மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு உடல்வலி இருந்தது. சில இடங்களில் அது 80 சதவீதம்வரை போனது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களை வைத்து அதே பல்கலைக்கழகத்தார் செய்த சிறிய ஆய்வு ஒன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வலி உள்ள நாய்களுக்குச் சத்தப் பயம் மற்றவற்றைவிடச் சராசரியாக ஏறத்தாழ நான்கு வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. அவர்கள் தந்த விளக்கம் எளிமையானது. சத்தம் கேட்டதும் உடம்பு விறைக்கிறது. விறைத்ததும் தேய்ந்த மூட்டு சுளீரென்கிறது. நாய் அந்த வலியைச் சத்தத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. அப்புறம் அந்தச் சத்தம் வந்த அறைக்கே போக மறுக்கிறது. ஆகவே முதுமையில் புதிதாகச் சத்தப் பயம் வந்தால், மூட்டைப் பாருங்கள் என்று கேளுங்கள்.

வலி என்றால் நொண்டும், கத்தும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பெரும்பாலான நாய்கள் இரண்டும் செய்யாது. படியின் முன் ஒரு கணம் யோசிக்கும். ஒருக்களித்து உட்காரும். குளித்த பிறகு தலையிலிருந்து வால்வரை உதறுகிற பழக்கம் தலையோடு நின்றுவிடும். முன்னங்கால் மணிக்கட்டை நக்கிக்கொண்டே இருக்கும். குழந்தை இடுப்பில் கை வைத்தால் உதட்டைத் தூக்கும். பல்வலி என்றால் ஒரே பக்கமாக மெல்லும், கடித்ததைக் கீழே போடும். இதில் எது கண்ணில் பட்டாலும் நோட்டில் ஏறட்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: மூட்டு, முதுகு, வாய் மூன்றையும் கையால் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம். கடைசியாகச் சொன்னது பல இடங்களில் விட்டுப்போகிறது, கேட்டால்தான் பார்ப்பார்கள். நாய்க்கு மேல் அழுத்தம் 160-ஐத் தாண்டினால் அது உயர் ரத்த அழுத்தம். சிறுநீரக நோயோ குஷிங் நோயோ பின்னால் இருக்கலாம், கவனிக்காமல் விட்டால் விழித்திரை கழன்று ஒரே நாளில் பார்வை போகலாம். பானை வயிறு, அடங்காத பசி, மெலிந்த முடி, இரவு இரைப்பு நான்கும் சேர்ந்திருந்தால் குஷிங் நோயைப் பற்றி நீங்களே கேட்டுவிடுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெளிவாகத் தெரியாவிட்டால், சில வாரம் வலி மருந்து கொடுத்து நடத்தை மாறுகிறதா என்று பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான். எங்கள் நாய்க்கு அப்படித்தான் உறுதியானது.

வீட்டு மருந்துப் பெட்டியைத் தொடாதீர்கள். ஐபுப்ரோஃபெனும் நாப்ராக்செனும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். நாய்களுக்கென்று இருக்கும் மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்றவற்றையும் கல்லீரல், சிறுநீரக நிலை பார்த்துத்தான் தருவார்கள். ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேரக் கூடாது.

படி 3: கண்ணும் காதும்

இதற்கு வீட்டிலேயே பாதி வேலை செய்துவிடலாம். ஒரு பஞ்சு உருண்டையை நாயின் முகத்துக்கு எதிரே உயரத்திலிருந்து போடுங்கள். பஞ்சுக்குச் சத்தமும் இல்லை, வாசனையும் பெரிதாக இல்லை. கண் பின்தொடர்கிறதா? பகலில் ஒரு தடவை, மங்கிய வெளிச்சத்தில் ஒரு தடவை. பகலில் பார்த்து, மங்கலில் தவறவிட்டால், மாலை ஆனதும் நாய் ஏன் வாசலில் தயங்குகிறது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. விழியில் தெரியும் நீலச் சாம்பல் மங்கல் எல்லாம் புரை அல்ல. நடுவயதுக்கு மேல் லென்ஸ் இறுகுவதால் வரும் அந்த மங்கல் பார்வையை அதிகம் பாதிக்காது. எது எது என்று டாக்டர் விளக்கடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

காதுக்கு: நாய் தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை மெல்ல ஆட்டுங்கள். தரையைத் தட்டக் கூடாது, அதிர்வு உடம்பு வழியாகப் போய்விடும். காது மந்தமான நாயைப் பிடிவாதக்காரன் என்று திட்டுகிற வீடுகள் அதிகம். அதைவிட மோசம், தூங்கும் நாயைத் தொட்டு எழுப்புவது. யாரோ இருட்டில் தோளைப் பிடித்தது மாதிரி அது துள்ளும், கடித்தும் விடும். பிறகு "வயசான காலத்துல கோவக்காரன் ஆயிட்டான்" என்று பேர் வரும். கையை மூக்குக்கு அருகே கொண்டுபோய் வாசனையால் எழுப்புங்கள். குழந்தைகளுக்கு ஒரே சட்டம்: படுத்திருக்கும் நாயைத் தொடக் கூடாது.

படி 4: இப்போது மூளையைப் பற்றிப் பேசலாம்

மேலே சொன்னவை எல்லாம் பார்த்தாகிவிட்டது, அல்லது சரி செய்தும் சில மிச்சம் இருக்கின்றன. கதவைத் திறந்தால் கீல் இருக்கும் பக்கம் போய் நிற்கிறது. மூலையில் மாட்டிக்கொண்டு பின்னால் வரத் தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வெளியே கூட்டிப்போய் வந்த இரண்டாவது நிமிடம் கூடத்தில் சிறுநீர் கழிக்கிறது. பகல் முழுக்கத் தூக்கம், இரவில் அலைச்சல், மாலை மங்கும்போது காரணமில்லாத முனகல். ஓடிவந்து வரவேற்ற நாய் கண்டுகொள்ளாமல் இருக்கிறது, அல்லது நேர்மாறாகக் குளியலறைவரை விடாமல் பின்னால் வருகிறது.

இது நாய்களுக்கு வரும் மறதி நோய். மனிதர்களின் அல்சைமர் நோயில் மூளையில் படியும் அதே பீட்டா அமிலாய்டு என்ற புரதம் இங்கேயும் படிகிறது. அமெரிக்காவின் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2001-இல் வெளியிட்ட கணக்கில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்திடமும் 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்திடமும் ஒரு அறிகுறியாவது இருந்தது. இதைக் காட்டிக்கொடுக்கும் தனி ரத்தப் பரிசோதனை வழக்கில் இல்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்துதான் டாக்டர் இங்கே நிற்பார். வரிசையை மாற்றாதீர்கள் என்று நான் தொண்டை வற்றச் சொல்வது இதனால்தான்.

மருந்து உண்டு. மனிதர்களுக்குப் பார்கின்சன் நோயில் தரும் செலிஜிலின், 1998-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தால் நாய்களின் இந்த நோய்க்கு அனுமதிக்கப்பட்டது. பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். இதோடு ஃபுளுவாக்செட்டின் என்ற பதற்ற மருந்தும், டிரமடால் என்ற வலி மருந்தும் சேரக் கூடாது. அமிட்ராஸ் கலந்த உண்ணி மருந்தும் கூடாது. கழுத்துப்பட்டையில் இருப்பதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். உணவில், நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பும் (MCT) ஆன்டிஆக்சிடென்டுகளும் சேர்த்துத் தயாரித்த முதுமைக்கால உணவுகள் ஓரளவு உதவுகின்றன. வயதான பீகிள் நாய்களை வைத்து நடந்த நீண்ட ஆய்வில், அப்படிப்பட்ட உணவையும், நடை, விளையாட்டு, துணை ஆகியவற்றையும் சேர்த்துப் பெற்றவை, இரண்டில் ஒன்றை மட்டும் பெற்றவற்றைவிட நன்றாகக் கற்றன. நோய் திரும்பிப் போகாது, வேகம் குறையும். அந்த அளவுக்கு ஆசைப்படுங்கள்.

உடல் உழைப்பு இல்லாத நாய்களுக்கு மறதி நோய் பல மடங்கு அதிகம் என்று 2022-இல் அமெரிக்காவில் நாய்களின் முதுமையை ஆராயும் பெரிய திட்டம் ஒன்று சொன்னது. அதை வைத்து மூட்டு தேய்ந்த நாயை ஓட விடாதீர்கள். நடக்காததால் மறதி வந்ததா, மறதி வந்ததால் நடக்கவில்லையா என்பதை அந்த மாதிரிக் கணக்கெடுப்பால் பிரித்துச் சொல்ல முடியாது.

படி 5: இன்று இரவே வீட்டில் செய்யக்கூடியவை

டாக்டரைப் பார்க்கும் தேதிக்குக் காத்திருக்காமல் இதைத் தொடங்கலாம்.

முதலில் தரை. வழவழப்பான டைல்ஸ், தளர்ந்த பின்னங்காலுக்குப் பனிக்கட்டி மாதிரி. ஒரு தடவை வழுக்கி விழுந்த நாய், அந்த அறையைப் பார்த்தாலே நடுங்கும். நமக்குக் காரணம் புரியாது. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கும் அங்கிருந்து வாசலுக்கும் அடியில் வழுக்காத மிதியடிகளை வரிசையாகப் போடுங்கள். நகத்தை வெட்டுங்கள், பாதத் திண்டுகளுக்கு நடுவே வளர்ந்த முடியைக் கத்தரியுங்கள். வீட்டு அலங்காரம் கொஞ்சம் கெடும், பரவாயில்லை.

படுக்கை தடிமனாக, தரைமட்டத்தில், நீங்கள் தூங்கும் அறையிலேயே இருக்கட்டும். வழியில் ஒரு சிறிய இரவு விளக்கு. படியின் விளிம்பில் மஞ்சள் அல்லது நீல நாடா ஒட்டுங்கள். நாய்க்குத் தெளிவாகத் தெரிபவை அந்த இரண்டு நிறங்கள்தான், சிவப்பு அழுக்குப் பழுப்பாகத்தான் தெரியும். இரவில் மாடிப்படியை மறையுங்கள். சாமான்களை இடம் மாற்றாதீர்கள். வழி தவறும் நாய் வாசல் திறந்திருந்தால் போய்விடும், ஆகவே கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்க வேண்டும்.

அன்றாட நேரத்தை ஒழுங்குபடுத்துவது மருந்தைப் போல வேலை செய்யும். காலையில் வெயில் படும்படி வெளியே. அரை மணி நடைக்குப் பதிலாகப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று நடை, அதுவும் நாயின் வேகத்தில். ஒரே மரத்தை ஐந்து நிமிடம் மோப்பம் பிடித்தால் பிடிக்கட்டும், அதன் மூளைக்கு அதுதான் வேலை. தீனியில் கொஞ்சத்தைத் துணி மடிப்புகளுக்குள் ஒளித்துத் தேட விடுங்கள். படுக்கும் முன் கடைசியாக ஒரு தடவை சிறுநீருக்கு வெளியே.

படி 6: அது பயப்படும்போது நீங்கள் என்ன செய்வது

பயப்படும்போது தடவிக்கொடுத்தால் பயத்தை ஊக்குவிப்பதாகிவிடும் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. தப்பு. பயம் கூலிக்காகச் செய்யும் வேலை இல்லை, ஆறுதல் கிடைத்ததால் கூடிவிடாது. பக்கத்தில் உட்காருங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள். இறுக்கிக் கட்டிப்பிடிக்க வேண்டாம், எங்கே வலிக்கிறதோ தெரியாது. ஒளிய நினைத்தால் விடுங்கள், ஆனால் வெளியே வர வழி இருக்கும் இடமாக இருக்கட்டும்.

உள்ளே சிறுநீர் கழித்ததற்குத் திட்டுவதும் மூக்கைத் தேய்ப்பதும் கொடுமை, பயனும் இல்லை. உறுமினால் அடக்காதீர்கள். உறுமல் ஒரு முன்னறிவிப்பு. அதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த தடவை அறிவிப்பு இல்லாமலே கடிக்கும். வீட்டில் குட்டி நாய் இருந்தால் வயதான நாய் படுக்கும் இடத்துக்கு அதை விடாதீர்கள்.

பயம் தீவிரமாக இருந்தால் மருந்து கேட்பதில் வெட்கமில்லை. கபாபென்டின், டிராசடோன், ஃபுளுவாக்செட்டின் எல்லாம் பயன்பாட்டில் உள்ளவை. மூன்றாவது வேலை செய்யவே சில வாரம் ஆகும். அசிப்ரோமசின் மட்டும் தனியாகக் கொடுத்தால் கேள்வி கேளுங்கள். அது உடம்பை அடக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். தூக்கத்துக்கு மெலடோனின் வாங்குகிறவர்கள் அதில் சைலிட்டால் என்ற இனிப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், நாய்க்கு அது விஷம்.

படி 7: வாரம் ஒரு தடவை நோட்டைத் திருப்புங்கள்

மருந்தையோ உணவையோ ஒரே சமயத்தில் இரண்டு மூன்றாக மாற்றாதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போகும். இரவில் எத்தனை தடவை எழுந்தது, எத்தனை தடவை இரைத்தது என்று எண்ணாக எழுதுங்கள். "பரவாயில்லை" என்று எழுதினால் அடுத்த வாரம் அதற்கு அர்த்தம் இருக்காது.

நாளடைவில் கடினமான கேள்வியும் வரும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த அளவுகோல் ஒன்று கைகொடுக்கும்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். கூட்டி 35-க்கு மேல் வந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கணக்கு. வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டுவிட்டு, அப்புறம் ஒப்பிடுங்கள்.

உங்கள் தூக்கத்தையும் கணக்கில் சேருங்கள். வாரக்கணக்கில் தூங்காத மனிதன் நாயிடம் எரிந்து விழுவான், பிறகு அதை நினைத்து அழுவான். எங்கள் நாய்க்கு 14 வயதில் மறதியும் வந்து சேர்ந்தபோது நானும் தம்பியும் முறை வைத்துக்கொண்டோம்: ஒற்றைப்படைத் தேதி என்னுடையது, இரட்டைப்படை அவனுடையது. மாதம் 31-இல் முடிந்தால் அடுத்த 1-ஆம் தேதியும் சேர்ந்து இரண்டு இரவு என் தலையில் விழும். அதற்காக மட்டும் மாதாமாதம் சண்டை போட்டோம்.